தாளத்தை எழுதியவர்களும் சொல்லி வைத்தவர்களும்

இலங்கையில் கம்பளை அரசு தோன்றி மூன்றாண்டுகளே ஆகியிருந்த 1344இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், உடுநுவரையின் பாறைகள் மேல் இரண்டு விகாரைகள் எழுந்தன. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி. லங்காதிலகவைக் கட்டியவர் ஸ்தபதிராயர். இருவரும் தென்னிந்தியக் கட்டடக் கலை மரபினர். லங்காதிலகப் பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. கடலாதெனியவின் அடித்தளக் கல்லில் ஆடுவோரையும் மேளம் கொட்டுவோரையும் செதுக்கியிருக்கிறார்கள். இவற்றுக்குப் பக்கத்திலேயே எம்பெக்க தேவாலயம், கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. அதன் மரத்தூண் மண்டபத்துக்கு மேளக்காரர் மண்டபம் என்றே பெயர். கம்பளை அரசவை மண்டபத்தின் தூண்களே அங்கு கொண்டுவந்து நிறுத்தப்பட்டன என்று ஊரில் சொல்வார்கள்.

இன்னாருக்கு இன்ன நிலம், இன்ன கொடை என்பதை இரண்டு மொழியில் கல்லில் ஏற்றிய காலம் அது. அந்த மண்டபங்களில் கொட்டிய தாளத்தை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. அதே தலைமுறையில், பல்லாயிரம் மைல் தள்ளி, பிலிப் த வித்ரி, ஜொகான்னஸ் த மூரிஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைக் காகிதத்தில் குறிக்கும் முறையைத் திருத்தி முடித்துவிட்டிருந்தார்கள். எம்பெக்க தேவாலயத்தோடு தொடர்புபடுத்தப்படும் மூன்றாம் விக்கிரமபாகு 1357 முதல் 1374 வரை ஆண்டான். பிரான்சில் கியோம் த மஷோ 1377இல் இறந்தான். மஷோ எழுதிய நாற்குரல் பூசைப்பாட்டை இன்று பாடத் தெரிந்த நால்வர் ஏட்டைப் பார்த்தே பாடிவிடலாம். விக்கிரமபாகுவின் மேளக்காரர் கொட்டியது எதுவென்று இன்று உறுதியாகச் சொல்லவல்லவர் இல்லை.

இதை வைத்து, அவர்கள் முன்னேறினார்கள், நாம் பின்தங்கினோம் என்று முடிப்பவர்கள் உண்டு. எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று மார்தட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே சோம்பேறித்தனமான முடிவு. இடைக்காலத் தமிழில் தாளத்துக்கு எழுத்துக்குறி இருந்தது, அதுவும் நேர்த்தியான குறி. அது ஏன் உரைநூலை விட்டு வெளியே வரவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பல இடங்களில் சுரத்தை எழுதும் வழக்கமே முதலில் வந்தது, காலத்தை எழுதுவது பிந்தியது. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள குடுமியான்மலைக் குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு அளவில் ஒரு பெரிய இசைக் கல்வெட்டைப் பொறித்தார்கள். மகேந்திரவர்ம பல்லவனுடையது என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம், இன்று ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. ஏழு பகுதிகள், சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டப்பட்டவை. ஒரே சுரத்தின் உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதி ஏதோ நுட்பம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்தச் சுரம் நீளும், எது குறுகும் என்பதற்கு அடையாளம் இல்லை. ஐரோப்பாவிலும் அப்படித்தான். அரெஸ்ஸோ ஊர் கீதோ பதினோராம் நூற்றாண்டில் கோடுகள் போட்டுச் சுர உயரத்தைக் கட்டினார். கால அளவு ஏட்டுக்கு வர இன்னும் சுமார் இருநூறு ஆண்டு பிடித்தது.

காலத்தை எழுதாமல் இத்தனை நாள் சமாளித்தது எப்படி? பாட்டின் சொல்லே காலத்தைச் சுமந்தது. தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்து, மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று அளந்தது. சமஸ்கிருதத்தில் லகு, குரு. லத்தீனிலும் கிரேக்கத்திலும் குறில் நெடில் வைத்த யாப்பு. செய்யுளை எழுதினாலே அதன் நடையில் பாதி எழுதியாகிவிடும். தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள், தாளம் குறிக்கவில்லை. யாப்பே தாளத்தைக் காட்டும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. திருமுறை கண்ட புராணம் பண்ணோடு சேர்த்து எண்ணும் 'கட்டளை' என்பதும் யாப்பின் நடைதான்.

இனி அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய இவரைப் பன்னிரண்டாம் அல்லது பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைப்பார்கள். அரங்கேற்றுகாதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவராக இளங்கோ அறிமுகப்படுத்துகிறார். அங்கே உரைகாரர் தாளக் கணக்குக்குள் இறங்குகிறார். தாளத்துக்கு உறுப்பு நான்கு: கொட்டு, அசை, தூக்கு, அளவு. கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று. இந்த நான்குக்கும் எழுத்து வடிவம் சொல்லும் பழைய சூத்திரத்தையும் எடுத்துக்காட்டுகிறார். கொட்டுக்கு க, அசைக்கு எ, தூக்குக்கு உ, அளவுக்கு ஃ.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். க க எ உ என்று எழுதினால் அரை, அரை, ஒன்று, இரண்டு: மொத்தம் நான்கு மாத்திரை. அதையே உ எ க க என்று திருப்பினால் மொத்தம் அதேதான், நடை வேறு. இந்த வரிசைகள் நூலில் உள்ளவையல்ல, குறி எப்படி வேலை செய்யும் என்று காட்ட நான் கோத்தவை. பாட்டின் சொல் எதுவும் இல்லாமல், சுரமும் இல்லாமல், காலத்தை மட்டும் தனியே பிரித்து எழுத முடிகிறது. அதற்குப் புதிதாகப் படம் வரையவும் தேவையில்லை, எழுத்தாணி ஏற்கெனவே கீறிப் பழகிய எழுத்துகள் போதும். சீர்களின் எண்ணிக்கையை வைத்து ஒருசீருக்குச் செந்தூக்கு, இருசீருக்கு மதலை, முச்சீருக்குத் துணிபு, நாற்சீருக்குக் கோயில், ஐஞ்சீருக்கு நிவப்பு, அறுசீருக்குக் கழால், எழுசீருக்கு நெடுந்தூக்கு என்று பெயரிட்ட வகையும் அதே உரையில் வருகிறது. இது ஒருவர் தனியே உட்கார்ந்து கற்பனை செய்த பட்டியலாகத் தெரியவில்லை, வகுப்பில் புழங்கிய பாடத்தின் வாசனை அடிக்கிறது.

வடமொழிப் பக்கம் தேவகிரி யாதவர் அவையில் சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரத்தை எழுதினார். அதில் 120 தேசித் தாளங்கள். துருதம், லகு, குரு, புலுதம் என்பவை அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை. நம் உரைகாரர் சொன்ன அதே நான்கு அளவு. துருதத்துக்கு வட்டம், லகுவுக்கு நேர்கோடு, குருவுக்கு வளைந்த கோடு. பரதரின் நாட்டிய சாத்திரத்தில் தாளம் லகு, குரு, புலுதம் மூன்றாலேயே அமையும். குரு குரு லகு புலுதம் சேர்ந்து எட்டு மாத்திரை வரும் சச்சத்புடம் அங்கே தலையாய தாளம். அரை மாத்திரை உறுப்பு பிற்காலத்துத் தேசி மரபோடு வந்தது. ஆகவே தமிழ்க் கணக்கும் தேசி மரபும் ஒரே காலத்து இசையுலகைப் பேசுகின்றன. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. மேளக்காரர் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்கள், அவர்களோடு கணக்கும் போயிருக்கும்.

இதே நூற்றாண்டில்தான் பக்தாதில் சஃபியுத்தீன் அல் உர்மவீ இருந்தார். 1258இல் மங்கோலியர் நகரை அழித்தபோதும் தப்பிப் பிழைத்து 1294இல் இறந்தவர். அவருடைய நூலில் சுரத்துக்கு எழுத்து, அதன் கீழே எத்தனை அலகு நிற்கும் என்பதற்கு எண் என்று சில பாட்டுகளை எழுதிக் காட்டியிருக்கிறார். தாளச் சுழற்சிகளை வட்டமாக வரைந்து, தன், தனன் என்ற சொல்லால் நிரப்பினார்கள் அந்த மரபினர். அந்தத் தனனைக் கேட்டால் நம் ஊர்க்காரர் யாரும் அந்நியமாக நினைக்கமாட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் கொரிய மன்னன் சேஜோங் காலத்தில் கட்டம் போட்ட ஏடு வந்தது. ஒரு கட்டம் ஓர் அலகு, ஒரு பத்திக்கு 32 கட்டம், சுரத்தையும் மேள அடியையும் அதற்குள் எழுதினார்கள். கணக்குக் கொப்பியில் தாளம் எழுதும் எந்தப் பிள்ளைக்கும் அது உடனே புரியும்.

ஐரோப்பியக் கதை இவற்றைவிட நீளமானது, வாதமும் நிறைந்தது. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் லியோனின், அவருக்குப் பின் பெரோத்தின் பாட்டமைத்தார்கள். பழைய வழிபாட்டுப் பாட்டின் ஒரு சுரத்தைக் கீழ்க்குரல் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, மேல்குரல்கள் அதன்மேல் ஓடும். 1198இல் பாரிஸ் ஆயர் விழாநாள் பாட்டுகளை ஒழுங்குபடுத்திய ஆணையோடு பெரோத்தினின் நாற்குரல் பாட்டைத் தொடர்புபடுத்துவார்கள். மூன்று நான்கு குரல் வேறு வேறு வேகத்தில் ஓடும்போது, எங்கே சந்திப்பது? இந்தத் தேவைதான் கால எழுத்தைப் பிறப்பித்தது என்பது வழக்கமான விளக்கம்.

அவர்கள் முதலில் கண்ட வழி யாப்பிலிருந்து வந்தது. ஆறு நடை வகுத்தார்கள், ஆறும் மும்மடங்குக் கணக்கு. தமிழ்ச் சந்தத்தில் சொன்னால், முதல் நடை 'தான தான': நெடில் இரண்டு, குறில் ஒன்று. இரண்டாம் நடை அதைத் திருப்பி 'தனா தனா'. மூன்றாவதற்கு நமக்கு அளபெடை தேவைப்படும்: 'தாஅ தனா', மூன்று ஒன்று இரண்டு. நான்காவது 'தனா தாஅ'. ஐந்தாவது 'தாஅ தாஅ' என்று நெட்டோசை மட்டும். ஆறாவது 'தனன தனன'. தமிழ் யாப்புப் படித்தவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடுகிற இந்தக் கணக்கை ஏட்டில் எழுதிய விதம்தான் விசித்திரம். ஒவ்வொரு சுரத்துக்கும் கால அடையாளம் கிடையாது. சுரங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக எழுதுவார்கள், கொத்துகளின் வரிசை நடையைச் சொல்லும். மூன்று சுரக் கொத்து ஒன்று, பிறகு இரண்டு இரண்டாக வந்தால் முதல் நடை. இரண்டு இரண்டாக வந்து கடைசியில் மூன்று வந்தால் இரண்டாம் நடை. முழு வரியையும் ஒருமுறை கண்ணால் மேய்ந்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும். கார்லாந்தின் ஜொகான்னஸ் பெயரில் வழங்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் இதற்கு விதி எழுதியது. விதியைவிட விலக்கு அதிகம்.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்று பாடவேண்டிய இடத்தில் கொத்துக் கட்ட முடியாது, கொத்து உடைந்தால் தாளமும் போயிற்று. கொலோன் ஊர் ஃபிராங்கோ 1280ஐ ஒட்டி இதை அறுத்தார். சுரத்தின் வடிவமே அதன் காலத்தைச் சொல்லட்டும் என்றார். வால் வைத்த சதுரம் நெடியது, வாலில்லாச் சதுரம் குறியது, சாய்சதுரம் அதனினும் சிறியது. மூன்று குறியது சேர்ந்தால் ஒரு 'நிறைவு'. மூன்று என்பது திரித்துவத்தின் எண், ஆகவே நிறைவு அதுவே என்று சமயக் காரணமும் சொன்னார்கள். வித்ரியின் பெயரோடு வழங்கும் 'புதிய கலை' 1320ஐ ஒட்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் சம மதிப்புக் கொடுத்தது, மினிம் என்ற சிற்றளவையும் சேர்த்தது. திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே பந்தியில் உட்கார்ந்த நாள் அது. மும்மைக்கு முழுவட்டம், இருமைக்கு அரைவட்டம் என்று முகப்பில் இடும் குறியும் அந்தக் கலையின் வழியில் வந்தது. மேற்கத்திய இசைத்தாளில் நாலடித் தாளத்துக்கு இன்றும் போடும் ஆங்கில 'சி' எழுத்துப் போன்ற குறி அந்த அரைவட்டம்தான், எழுத்தே அல்ல.

இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அவிஞ்ஞோனிலிருந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் ஜான் 1324–25இல் ஓர் ஆணை விட்டு, காலத்தை அளந்து துண்டுதுண்டாகப் பாடும் புதுப்பள்ளியைக் கண்டித்தார். லியேஜ் ஊர் ஜாக் பழையவர்களின் பக்கம் நின்று பெரிய நூலே எழுதினார். கண்டனத்தால் ஒன்றும் நிற்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் சிவப்பு மையில் சுரம் எழுதி விகிதம் மாற்றினார்கள். போத் கோர்திய என்பவர் காதல் பாட்டொன்றை இதய வடிவத்தில் எழுதி வைத்தார். பாடுவதற்கா பார்ப்பதற்கா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சிக்கல். இன்னொரு வேடிக்கை: 'குறியது' என்று பெயர் பெற்ற சுரம் காலப்போக்கில் இழுபட்டு இழுபட்டு, இன்றைய மேற்கத்திய ஏட்டில் மிக நீண்ட சுரங்களில் ஒன்றாகிவிட்டது. நம் பக்கமும் இதே கதைதான். துருதத்தைப்போல் இருமடங்கு என்று நிலையாக இருந்த லகு, இன்றைய கர்நாடக இசையில் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று சாதிக்கேற்ப மாறுகிறது. தாள எழுத்தில் பெயர் நிற்கும், அளவு நகரும்.

பல்குரல் இசைதான் கால எழுத்தைப் பிறப்பித்தது என்ற விளக்கத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஜாவாவின் கமெலானில் அடுக்கடுக்காக எத்தனையோ கருவி வேறு வேறு அடர்த்தியில் ஒலிக்கும், 19ஆம் நூற்றாண்டு வரை அவர்களுக்கு எழுத்துக்குறி தேவைப்படவில்லை. ஆகவே பல்குரலோடு இன்னொன்றும் வேண்டும்: ஏட்டைப் பார்த்தே வழிபடும் பழக்கம். பேராலயத்துக் குருமார் படித்தவர்கள். வேறு நகரத்துப் பாட்டை வாங்கிவந்து பாடவேண்டியவர்கள், பாடகர் மாறிக்கொண்டே இருப்பார்கள். நம் பக்கம் நிலைமை நேர்மாறு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் வைத்த ஐம்பது பேரில் 48 பேர் பாடுவோர், ஒருவர் உடுக்கை, ஒருவர் கொட்டி மத்தளம். அவர்களுக்குப் பிறகு வருபவர் யார் என்பதும் கல்லிலேயே வகைசெய்யப்பட்டது. கண்டி இராச்சியத்தில் மேளக்காரருக்குச் சேவை நிலம். நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு, அடியும் அப்படியே. வீட்டுக்குள்ளேயே பாடம் இருக்கும்போது எழுதி யாருக்கு அனுப்புவது?

இந்தக் காரணமும் போதாது என்பதே என் கணிப்பு. க, எ, உ, ஃ என்ற குறிகள் பரவாததற்கு அவற்றின் குறைபாடே முதல் காரணம். அவை காலத்தை மட்டும் சொல்கின்றன. மேளக்காரனுக்குக் காலம் மட்டும் போதாது.

மிருதங்கத்தில் முதல் பாடம் 'தத் தித் தொம் நம்'. தொம் என்றால் இடந்தலையின் திறந்த ஓசை, நம் என்றால் வலந்தலை விளிம்பில் விரல் பட்டெழும் ஓசை. கண்டிய மரபில் கெட்ட பெர என்ற மேளம் படிக்க உட்காரும் சிங்களப் பிள்ளைக்கும் முதல் பாடம் இதே நான்குதான், தத், ஜித், தொங், நங். இரண்டு பாடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. இந்தச் சொல் ஒவ்வொன்றும் எந்தக் கை, எந்தத் தலை, அடைத்த ஓசையா விட்ட ஓசையா என்பதைச் சொல்லி, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஃபிராங்கோவின் சதுரத்துக்கு ஓசையின் நிறம் தெரியாது, நீளம் மட்டுமே தெரியும். அடியார்க்குநல்லாரின் எழுத்தும் அதே வகை. இந்தச் சொற்கட்டை ஏற்கெனவே நாவில் வைத்திருந்தவனுக்கு அந்த எழுத்து ஒரு படி கீழே இறங்குவதுதான்.

தமிழ்ப் புலவர்கள் இதைச் செய்யுளுக்குள்ளும் கொண்டுபோனார்கள். தொல்காப்பியம் இருபது வண்ணம் சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழில் அது உச்சம். கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடியவர் அவர். எந்தப் பதிப்பை விரித்தாலும் பாட்டுக்கு மேலே 'தனதன தானத் தந்தத்' என்ற மாதிரி ஒரு வரி நிற்கும், சந்தக்குழிப்பு என்பார்கள். அதில் தன, தான என்பது குறில் நெடில் கணக்கு மட்டுமல்ல. தத்த என்றால் அந்த இடத்தில் வல்லினம் மோதவேண்டும், தந்த என்றால் மெல்லினம், தய்ய என்றால் இடையினம். 19ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்ற இலக்கணத்தில் இந்தச் சந்தங்களை வகைப்படுத்தினார். காலத்தையும் ஓசையின் தன்மையையும் ஒரே அசைக்குள் அடைத்த இந்த எழுத்து, அருணகிரி காலத்து ஐரோப்பிய ஏட்டால் முடியாத ஒன்றைச் செய்தது.

கண்டியப் பக்கமும் இதற்கு ஒரு சகோதரம் உண்டு. பதினெட்டு வன்னம் என்று நடனக்காரர் ஆடுகிறார்களே, கஜக, மயூர, துரக என்று, அவற்றில் ஒவ்வொன்றும் 'தானம' என்ற பொருளற்ற அசைகளின் பாட்டோடு தொடங்கும். நடையையும் மெட்டையும் அந்தத் 'தானம' முதலில் நட்டுவைக்கும், கவி பிறகு வரும். கடைசியில் அடவ்வ என்ற ஆட்டப் பகுதி. இந்த வன்னங்கள் நரேந்திரசிங்கன் காலத்தில், 1707–1739க்குள், தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு இசைவாணரின் கையால் அமைந்தன என்பது செவிவழி வழக்கு. வழக்கு மெய்யோ பொய்யோ, சந்தக்குழிப்பும் தானமவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

இப்படிச் சொல்லிவிட்டு, ஆகவே எழுத்து தேவையே இல்லை என்று முடித்தால் அது கண்ணை மூடிக்கொள்வது. சொற்கட்டுக்கும் சந்தத்துக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சந்தம் விகிதத்தைச் சொல்லும். எந்த இடத்தில் தாளம் தொடங்கும், எத்தனை அட்சரத்தில் சுழலும், இழுப்பும் விடுதலும் எங்கே என்பதைச் சொல்லாது. அருணகிரியின் பாட்டு முழுமையாகக் கிடைத்தும், அது எந்தத் தாளத்தில் நின்றது என்பதற்குப் பிற்காலத்தவர் தாங்களே விடை தேடவேண்டியிருந்தது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கச்சேரி மேடையில் சிக்கலான தாளங்களில் திருப்புகழ் பாடியபோது கேட்டவர்கள் வியந்தார்கள். அந்தத் தாளங்களில் எவ்வளவு பழையது, எவ்வளவு பிள்ளையவர்களுடையது என்று பிரிக்க வழியில்லை. பாடியவர், கொட்டியவர், கேட்ட ஊர் மூன்றும் தொடர்ந்து இருக்கும்வரை சொற்கட்டு போதும். ஒரு தலைமுறை முறிந்தால் சொல் மிஞ்சும், நடை போய்விடும்.

சிலப்பதிகாரத்துக்கு நேர்ந்ததும் அதுதான். அடியார்க்குநல்லாரின் கையில் பஞ்சமரபு, இசைநுணுக்கம், இந்திரகாளியம், பரதசேனாபதீயம், மதிவாணனார் நாடகத் தமிழ்நூல் இருந்தன. பெரும்பாலானவை நமக்கு இல்லை. அவருடைய உரையும் முழுக்கக் கிடைக்கவில்லை. காவியத்தில் பாட்டாகவே நடக்கும் கானல்வரிக்கு அவர் உரை இல்லாமற்போனது. க, எ, உ, ஃ என்ற குறியை ஒரு உண்மையான பாட்டின் மேல் வைத்துக் காட்டியிருக்கக்கூடிய இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரங்கேற்றுகாதை உரையும் உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பிக்கும்வரை ஓலைக்கட்டுக்குள் கிடந்தது. அதே ஆண்டில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், அந்த உரையைத் திறவுகோலாக வைத்து 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்டார். அவருடைய உழைப்பு பெரும்பாலும் யாழின் சுரக் கணக்கில் போயிற்று. தாளக் குறிகளுக்கு அவரளவு உழைத்தவர் இன்னும் வரவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. நம் இசையாராய்ச்சியில் சுரம் மேட்டுக்குடி, தாளம் வேலைக்காரன்.

இந்த ஒதுக்கலுக்கு விலக்காக ஒரு முயற்சி கம்பளைக்குப் பக்கத்திலேயே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களை வைத்து மட்டக்களப்பு மரபுக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. கூத்துக்கு உயிர் தாளக்கட்டு. மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்லும் சொற்கோவையில்தான் வரவும் ஆட்டமும் நிற்கும். ஊரில் கூத்துப் பழகாத பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கவேண்டி வந்தது. பாரிஸ் பேராலயத்துக்கு வந்த அதே நெருக்கடி: பரம்பரை இல்லாதவனுக்குத் தாளத்தை எப்படிக் கொடுப்பது? விடை மட்டும் வேறு. அங்கே வடிவம் வந்தது, இங்கே சொல்லே கொப்பியில் ஏறியது.

இன்றைய கம்பளைப் பாடசாலைகளில் இந்த வரலாற்றின் இரண்டு வால்களைக் காணலாம். தமிழ் மொழிமூலம் சங்கீதம் படிக்கும் பிள்ளை கர்நாடக முறையில் தாளம் எழுதுகிறது: லகுவுக்குக் கோடு, துருதத்துக்கு வட்டம், அனுதுருதத்துக்குப் பிறை. சார்ங்கதேவர் காலத்துக் கோடும் வட்டமும் அப்படியே. சிங்கள மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் இந்துஸ்தானி வழி, பாத்கண்டேயின் குறிமுறை. சமத்துக்குப் பெருக்கல் குறி, காலிக்கு வட்டம். இரண்டு கொப்பியிலும் அதே வட்டம்தான். ஒன்றில் அது தட்டி வீசும் இரண்டு அட்சரம், மற்றதில் தட்டாமல் விடும் இடம். தங்கள் ஊர் மேளத்துக்கு முதல் பாடம் ஒன்றே என்பது இரண்டு பிள்ளைக்கும் தெரியாமலே போகிறது.

எந்தக் கொப்பியிலும் ஏறாத மேளம் ஒன்று இருக்கிறது. கம்பளை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு எழுப்பிய தப்பு, சாவுக்கு அடிக்கும் தப்பு, மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கும் தப்பு. அடி ஒவ்வொன்றும் வேறு, தூரத்து லயன் வீட்டில் படுத்திருப்பவருக்கே எது எதற்கென்று தெரியும். தடித்த குச்சி ஒரு கை, மெல்லிய நீண்ட குச்சி மறு கை, தோலைத் தீயில் காய்ச்சிய சூட்டைப் பொறுத்துக் குரல் மாறும். இதை மேற்கத்தியக் கோட்டில் எழுதினால் காலம் சிக்கும், எந்தக் குச்சி என்பது சிக்காது. வாய்ச்சொல்லில் எழுதினால் குச்சி சிக்கும், சுழற்சி எங்கே மூடுகிறது என்பது நழுவும். இரண்டு வரியாக எழுதலாம். மேல்வரியில் தப்புக்காரர் தாங்களே சொல்லும் சொல், கீழ்வரியில் அடியார்க்குநல்லார் தந்த எழுத்து. பேச்சுக்கு, மேலே 'டண் டக டண் டக' என்றால் கீழே 'எ கக எ கக': ஒன்று, இரண்டு அரை, ஒன்று, இரண்டு அரை, நான்கு மாத்திரையில் சுழற்சி மூடியது. கானல்வரிக்குக் கிடைக்காமற்போன அந்த நான்கு எழுத்தையும் காமன் கூத்தின் தப்படியில் வைத்துப் பார்க்க ஒரு மாசிமாதம் போதும்.